பாழ்கிணறுகள் சொல்லும் பாடம்

அல்லாஹ் தஆலாவைப் புகழ்ந்து, அவனுடைய திருத்தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் கூறித் தொடங்குகிறோம்.



திருமறையை ஓதி வரும்போது ஸூரத்துல் ஹஜ்ஜின் 45ஆவது வசனத்தில் நம் நாவு சற்று நிற்க வேண்டும். அழிந்துபோன ஊர்களைப் பற்றிப் பேசும் அவ்விடத்தில் அல்லாஹ் இரண்டு பொருள்களை நமக்குக் காட்டுகிறான். ஒன்று, இறைப்பார் இல்லாமல் கைவிடப்பட்ட கிணறு. மற்றொன்று, குடியிருப்பார் இல்லாமல் நிற்கும் உயர்ந்த மாளிகை. மாளிகையைச் சொன்னதன் பொருள் எளிதில் விளங்கும். கிணற்றை ஏன் சொன்னான்? கிணறு இருந்த இடத்தில் குடும்பம் இருந்தது. காலையில் பெண்கள் குடத்தோடு வந்தார்கள். ஆடுமாடுகள் தண்ணீர் காட்டப்பட்டன. வழிப்போக்கர் தாகம் தீர்த்துக்கொண்டார்கள். கயிறும் வாளியும் போய்விட்ட கிணறு என்றால் அந்த வாழ்வு முழுவதும் போய்விட்டது என்றே பொருள். அதற்கடுத்த வசனத்தில், பூமியில் பயணம் செய்து இவற்றைக் காணவில்லையா என்று கேட்கும் இறைவன், உண்மையான குருட்டுத்தனம் கண்ணைச் சேர்ந்ததன்று, உள்ளத்தைச் சேர்ந்தது என்றும் உணர்த்துகிறான்.

இத்தகைய ஊர்கள் ஆது, ஸமூது கூட்டத்தாரின் காலத்தோடு முடிந்துவிட்டன என்று நாம் எண்ணிவிடக் கூடாது. நம் பாட்டனார் காலத்தில் கட்டப்பட்டு, நம் காலத்தில் பாழாகிப்போன ஊர்கள் உலகில் ஏராளமாக இருக்கின்றன. அவை வறுமைக்குப் பேர்போன நாட்டில் இல்லை. உலகத்திலேயே செல்வம் மிகுந்தது என்று சொல்லப்படும் அமெரிக்காவின் நடுப்பகுதியில், வடக்கே கனடாவிலிருந்து தெற்கே டெக்ஸாஸ் வரை விரிந்து கிடக்கும் பெரும் புல்வெளிச் சமவெளியில் இருக்கின்றன. கூரை விழுந்த வீடுகள், கண்ணாடி உடைந்த பள்ளிக்கூடங்கள், கதவு சாத்திய கடைகள், தண்டவாளம் பெயர்க்கப்பட்ட ரயில் நிலையங்கள், காலியாக நிற்கும் உயரமான தானியக் கிடங்குகள்! அந்தச் சமவெளியில் ஒரு பள்ளிவாசலும் இருந்தது என்று சொன்னால் நம்மில் பலர் வியப்படைவோம். அதன் வரலாற்றைச் சொல்லவே இந்தக் கட்டுரை. அதற்கு முன் அந்த மண்ணின் கதையைச் சிறிது அறிந்துகொள்வோம்.

இலவச நிலம்

1862ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் தேதி ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். அதன்படி, குடும்பத் தலைவராகவோ 21 வயது நிரம்பியவராகவோ உள்ள எவரும் ஒரு சிறு கட்டணம் செலுத்தி 160 ஏக்கர் நிலத்துக்கு மனுச் செய்யலாம். அதில் வீடு கட்டி, ஐந்தாண்டுகள் குடியிருந்து, பயிரிட்டுக் காட்டினால் நிலம் சொந்தமாகிவிடும். கனடாவும் 1872இல் இதைப்போன்ற சட்டம் இயற்றியது. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 16 லட்சம் பேர் இவ்வாறு பட்டா பெற்றார்கள். அவர்கள் பெற்ற நிலம் சுமார் 27 கோடி ஏக்கர்.

கேட்பதற்கு இது நம் ஷரீஅத்தில் உள்ள ஒரு சட்டத்தைப் போலவே தோன்றும். உரிமையாளர் இல்லாமல் செத்துக் கிடக்கும் நிலத்தை ஒருவர் உழைத்து உயிர்ப்பித்தால் அது அவருக்கே உரியது என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்திருக்கிறார்கள். ஆனால் நம் ஃபுகஹாக்கள் அதற்கு ஒரு நிபந்தனையை அழுத்திச் சொல்கிறார்கள். அந்த நிலத்தில் வேறு எவருக்கும் உரிமை இருக்கக் கூடாது என்பதே அது. இந்தச் சமவெளி உரிமையாளர் இல்லாத நிலமாக இருந்ததா? இல்லை. செவ்விந்தியர் என்று அழைக்கப்பட்ட அந்நாட்டுப் பூர்வீகக் குடிகள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்து வந்தார்கள். அவர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கைகள் பல மீறப்பட்டன. அவர்களுக்கு உணவும் உடையும் கூடாரமுமாக இருந்த காட்டெருமைகள் கோடிக்கணக்கில் மேய்ந்த சமவெளியில், 1880களின் முடிவில் சில நூறு எருமைகளே மிஞ்சும்படி சுட்டுத் தள்ளப்பட்டன.

ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்துக்கொண்டவனுக்கு மறுமையில் ஏழு பூமிகள் கழுத்தில் மாட்டப்படும் என்று எச்சரித்த மார்க்கம் நம்முடையது. வேலி தகராறிலும் பாகப்பிரிவினையிலும் உடன்பிறந்த சகோதரியின் பங்கைக் கொடுக்காமல் அனுபவித்து வருகிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். அமெரிக்காவைச் சாடுவதற்கு முன் அவர்கள் தம் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்!

மழை யாருடைய கையில்?

அந்தச் சமவெளியின் மேற்குப் பகுதி வறண்ட பூமி. ஆண்டுக்கு 20 அங்குல மழைகூடப் பெய்யாத இடங்கள் அங்கே மிகுதி. ஜான் வெஸ்லி பவல் என்ற நில ஆய்வாளர் 1878ஆம் ஆண்டிலேயே அரசுக்கு அறிக்கை கொடுத்தார். இந்த நிலம் கிழக்கிலுள்ள நிலத்தைப் போன்றதன்று, இதைச் சிறு சிறு பண்ணைகளாகத் துண்டுபோட்டு மழையை நம்பிப் பயிரிட இயலாது என்பது அவருடைய எச்சரிக்கை. அதைக் கேட்பார் இல்லை. மாறாக, ஏர் எங்கே போகிறதோ அங்கே மழையும் பின்னாலேயே வரும் என்று ஒரு புதுக் கொள்கையைச் சிலர் பரப்பினார்கள். நிலம் விற்பவர்களுக்கும் ரயில்வே கம்பெனிகளுக்கும் அது மிகவும் பிடித்திருந்தது. தற்செயலாகச் சில ஆண்டுகள் நல்ல மழையும் பெய்தது. மக்கள் நம்பிவிட்டார்கள்.

சகோதரர்களே! ஸூரத்துல் வாகிஆவில் அல்லாஹ் நம்மிடம் கேட்கும் கேள்வியை இங்கே நினைவுகொள்ளுங்கள். விதைப்பவன் மனிதன்தான். ஆனால் அதை முளைக்கச் செய்பவன் யார்? மேகத்திலிருந்து நீரை இறக்குபவன் யார்? மனிதன் தன் ஏரின் கூர்மையால் மழையை இழுத்து வரலாம் என்று எண்ணியபோது அந்தக் கேள்விக்குத் தவறான விடை எழுதிவிட்டான்.

முதல் உலகப் போர் வந்தது. கோதுமைக்கு விலை ஏறியது. புஷலுக்கு இரண்டு டாலருக்கு மேல் தருவதாக அரசே உறுதி கூறியது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மண்ணைப் பிடித்து வைத்திருந்த புல்வேர்களை டிராக்டர்கள் பெயர்த்தெடுத்தன. வரப்பில்லை, நிழல் மரமில்லை, ஓய்வாகக் கிடக்கும் தரிசுமில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமையே! பிறகு விலை சரிந்தது. 1932இல் புஷல் 40 சென்ட்டுக்கும் கீழே போய்விட்டது. விலை குறைந்ததும் என்ன செய்தார்கள்? நஷ்டத்தை ஈடுகட்ட இன்னும் அதிகமான நிலத்தை உழுதார்கள். கடன் வாங்கி இயந்திரம் வாங்கியவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. வட்டி அவர்களைத் துரத்தியது.

1931இல் மழை பொய்க்கத் தொடங்கியது. வேரில்லாத மண் காற்றோடு புறப்பட்டது. 1934 மே மாதத்தில் எழுந்த புழுதிப் புயல் நாட்டைக் கடந்து நியூயார்க் நகரை மூடி, அட்லாண்டிக் கடலில் சென்றுகொண்டிருந்த கப்பல்களின் மீதும் மண்ணைத் தூவியது. 1935ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. பகல் நேரத்திலேயே கறுத்த மலை போன்ற புழுதிச் சுவர் எழுந்து வந்து கான்சாஸ், ஒக்லஹோமா, டெக்ஸாஸ் பகுதிகளை இருட்டாக்கியது. உலக முடிவு வந்துவிட்டது என்று அஞ்சி மக்கள் மண்டியிட்டுப் பிரார்த்தித்தார்கள். கதவிடுக்குகளில் நனைத்த துணியை அடைத்தும் உணவிலும் தொட்டிலிலும் மண் விழுந்தது. புழுதியைச் சுவாசித்துக் குழந்தைகளும் முதியோரும் நுரையீரல் நோயால் மாண்டார்கள். 1940க்குள் சமவெளி மாநிலங்களை விட்டுச் சுமார் 25 லட்சம் மக்கள் வெளியேறினார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

நாம் ஒன்றைக் கவனமாகச் சொல்லிவிட வேண்டும். அந்த விவசாயிகளைச் சாபத்துக்கு ஆளானவர்கள் என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவர்களில் பெரும்பாலோர் ஏழைகள், கடும் உழைப்பாளிகள், தம் பிள்ளைகளுக்கு ஒரு துண்டு நிலம் வேண்டுமென்று கடல் கடந்து வந்தவர்கள். யார் மீது வேதனை இறங்கியது, யாருக்கு அது சோதனை என்பதை அல்லாஹ் அறிவான். ஆனால் காரணத்தை மறைக்க முடியாது. மனிதர்களின் கைகள் தேடிக்கொண்டதன் விளைவாகவே நிலத்திலும் நீரிலும் சீர்கேடு தோன்றுகிறது என்று ஸூரத்துர் ரூமின் 41ஆவது வசனம் கூறுகிறது. அவர்கள் திரும்பி வருவதற்காகவே அதில் ஒரு பகுதியைச் சுவைக்கச் செய்கிறான் என்பதும் அதே வசனத்தின் கருத்து. சுவைக்கச் செய்வது அழிப்பதற்காக அன்று, திருப்புவதற்காக! ஓரளவு திரும்பவும் செய்தார்கள். 1935இல் மண்வளப் பாதுகாப்புக்கென்று தனி அரசுத் துறை ஏற்பட்டது. சரிவுக்குக் குறுக்கே உழக் கற்றார்கள். 1934 முதல் 1942 வரை காற்றைத் தடுக்க வரிசை வரிசையாக 20 கோடிக்கும் மேற்பட்ட மரங்களை நட்டார்கள்.

தூரம் நீண்டபோது

புழுதி மட்டுமே ஊர்களைக் காலி செய்யவில்லை. ரயில் கம்பெனிகள் சமவெளியில் ஆறு மைலுக்கோ பத்து மைலுக்கோ ஒன்றாக நிலையங்களை அமைத்திருந்தன. குதிரை வண்டியில் தானியம் ஏற்றிக்கொண்டு காலையில் புறப்படும் விவசாயி, விற்றுவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். அந்தக் கணக்கில்தான் ஒவ்வொரு நிலையத்தையும் சுற்றி ஓர் ஊர் எழுந்தது. தானியக் கிடங்கு, கடை, தபாலாபீஸ், பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் வந்தன. பின்பு மோட்டாரும் லாரியும் வந்தன. பத்து மைல் என்பது பதினைந்து நிமிடமாகிவிட்டது. பக்கத்துக் கடையை விட்டுவிட்டு ஐம்பது மைல் தள்ளியுள்ள பெரிய கடைக்குப் போனார்கள். ஐந்து குடும்பங்கள் செய்த வேலையை ஓர் அறுவடை இயந்திரம் செய்தது. ஐந்து பண்ணைகள் ஒரு பண்ணையாயின. பிள்ளைகள் குறைந்தார்கள், பள்ளிக்கூடம் மூடப்பட்டது. பள்ளிக்கூடம் மூடியதும் இளம் தம்பதிகள் போனார்கள். கடை மூடியது, தபாலாபீஸ் மூடியது. நெப்ராஸ்கா மாநிலத்தில் மோனோவை என்றோர் ஊர். 1930களில் 150 பேர் இருந்தார்கள். 2010ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் அங்கே எண்ணப்பட்டது ஒரே ஓர் ஆத்மா!

இதைப் படிக்கும்போது ஸபா நாட்டாரின் வரலாறு நம் நினைவுக்கு வருகிறது. வலப்புறமும் இடப்புறமும் தோட்டங்கள் பெற்றிருந்தவர்கள் அவர்கள். நன்றி மறந்தபோது அணை உடைந்து, இனிய கனிமரங்கள் இருந்த இடத்தில் கசப்பும் முள்ளும் முளைத்தன என்பதை நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். அதற்கடுத்து வரும் செய்தியைப் பலர் கவனிப்பதில்லை. அவர்களுடைய பயணப் பாதையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணில் படும் ஊர்களை அமைத்து, இரவும் பகலும் அச்சமின்றிச் செல்லும்படி தூரத்தை அளவாக்கி வைத்திருந்தான் அல்லாஹ். அதுவும் ஒரு நிஃமத்! அருகருகே ஊர் இருப்பதும், அண்டை வீட்டுக் கூரை கண்ணில் படுவதும், நடந்து போகும் தூரத்தில் உதவி கிடைப்பதும் நாம் ஷுக்ர் செய்ய வேண்டிய அருட்கொடைகள் என்று நமக்கு எப்போதாவது தோன்றியிருக்கிறதா? அவர்களோ தங்கள் பயணங்களின் தூரத்தை நீளமாக்கித் தருமாறு வேண்டினார்கள். விளைவு, அவர்கள் சிதறடிக்கப்பட்டு வெறும் பேச்சாகிப் போனார்கள்.

ராஸ் பள்ளிவாசல்

இனி அந்தப் பள்ளிவாசலுக்கு வருவோம். வடக்கு டகோட்டா மாநிலத்தில், கனடா எல்லைக்கு அண்மையில், ராஸ் என்றொரு சிற்றூர் உள்ளது. 1900ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், அப்போது உதுமானியப் பேரரசின் ஷாம் பகுதியாக இருந்து இன்று லெபனானைச் சேர்ந்துள்ள கிராமங்களிலிருந்து, சில முஸ்லிம்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். முதலில் வந்தவர்கள் தம் உறவினருக்கு எழுதினார்கள். இருபது குடும்பங்கள் அளவுக்குத் திரண்டன. அவர்களில் தலையில் மூட்டை சுமந்து துணிமணி விற்றவர்களும் உண்டு. 160 ஏக்கர் சட்டத்தின்படி நிலம் பெற்று விவசாயிகளானார்கள்.

அந்த ஊர்க் குளிர் எத்தகையது என்பதை நம்மால் எண்ணிப் பார்க்க இயலாது. மார்கழிப் பனிக்கே போர்வையை இழுத்துக்கொண்டு சுப்ஹைத் தவறவிடுகிறவர்கள் நாம். அங்கே தண்ணீர் உறையும் நிலைக்கும் முப்பது டிகிரி கீழே போகும் நாட்கள் உண்டு. கோடையிலோ பகல் பதினாறு மணி நேரம் நீளும். சுற்றிலும் பல மைல் தூரத்துக்கு வேறு முஸ்லிம் ஊர் கிடையாது. பாங்கு சொல்ல மினாரா இல்லை, பத்வா கேட்க ஆலிம் இல்லை. அப்படியிருந்தும் ஒருவர் வீட்டில் கூடி ஜமாஅத்தாகத் தொழுதார்கள். இறந்தவர்களை அடக்க ஒரு கபுறுஸ்தானை ஒதுக்கினார்கள். 1929இல், உலகமே பொருளாதார வீழ்ச்சியை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஆண்டில், ஒரு பள்ளிவாசலையும் எழுப்பினார்கள். குளிரைத் தாங்குவதற்காகப் பாதி பூமிக்குள் இறங்கிய எளிய கட்டடம் அது. குப்பா இல்லை, அலங்காரம் இல்லை. உள்ளே தொழுகைக்கு விரிப்பும் கதகதப்புக்கு நிலக்கரி அடுப்பும். அமெரிக்காவில் தொழுகைக்கென்றே கட்டப்பட்ட மிகப் பழைய பள்ளிவாசல்களுள் அதுவும் ஒன்று.

அடுத்த பத்தாண்டு வறட்சியில் அந்த வட்டாரமும் தப்பவில்லை. நிலத்தை விட்டுப் பலர் போனார்கள். எஞ்சியவர்களின் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்து நகரங்களுக்குச் சென்றார்கள். பட்டாளத்தில் சேர்ந்தார்கள். அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் பெண் கொண்டு பெண் கொடுத்தார்கள். அரபி ஓதத் தெரிந்த முதியவர்கள் ஒவ்வொருவராக மையவாடிக்குப் போனார்கள். 1960களுக்குப் பிறகு பள்ளியில் தொழுகை நடந்ததாகத் தெரியவில்லை. 1970களில் பாழடைந்த அந்தக் கட்டடமும் இடிக்கப்பட்டது.

எவரும் வந்து அந்தப் பள்ளியை இடித்துத் தள்ளவில்லை. பகைவர் எவரும் பூட்டுப் போடவில்லை. அண்டை அயலார் நல்லவர்களாகவே இருந்தார்கள். ஸஃப்பில் நிற்க ஆளில்லாமல் போயிற்று, அவ்வளவுதான்! முதல் தலைமுறை தொழுதது. இரண்டாம் தலைமுறை பார்த்தது. மூன்றாம் தலைமுறை கேள்விப்பட்டது. ஒரு பள்ளிவாசல் இறந்துபோவதற்கு இவ்வளவு போதும்.

ஆயினும் அல்லாஹ்வின் கருணையைப் பாருங்கள். 2005இல் அந்த முன்னோர்களின் வழிவந்த குடும்பத்தினரின் முயற்சியால் அதே கபுறுஸ்தானில் குவிமாடத்தோடு கூடிய ஒரு சிறு பள்ளி மீண்டும் எழுந்தது. ஊர் இன்றும் நூறு பேரை ஒட்டிய சிற்றூர்தான். அன்றாடம் ஐவேளையும் ஜமாஅத் நடக்கும் அளவுக்கு அங்கே மக்கள் இல்லை. ஆனால் பிறைச் சின்னம் பொறித்த வாசலைக் கொண்ட அந்த மையவாடியில் கிடப்பவர்களை நினைத்து ஒருவர் வந்து கையேந்த ஓர் இடம் இருக்கிறது. பாழடைந்து கூரை கவிழ்ந்த ஊரைக் கடந்து சென்று, இதற்கு இனி எப்படி உயிர் வரும் என்று வியந்த மனிதரை நூறு ஆண்டுகள் மரணிக்கச் செய்து எழுப்பிக் காட்டிய வரலாறு ஸூரத்துல் பகராவில் இருக்கிறதே! அந்த இறைவனுக்கு இது பெரிய காரியமா?

இதே சமவெளியின் வடமேற்கில், கனடாவின் எட்மண்டன் நகரில், 1938இல் வேறொரு பள்ளிவாசல் கட்டப்பட்டது. அல்ரஷீத் பள்ளி என்பது அதன் பெயர். கனடாவின் முதல் பள்ளிவாசல் அதுவே. அதற்காக வீடு வீடாக, கடை கடையாகச் சென்று பணம் திரட்டியதில் முஸ்லிம் பெண்களின் பங்கு பெரிது. அந்தக் கட்டடத்திலும் பிற்காலத்தில் தொழுகை நின்றது. ஆனால் காரணம் வேறு. கூட்டம் கொள்ளாமல் 1982இல் பெரிய பள்ளியைக் கட்டிக்கொண்டு போனார்கள். பழைய கட்டடம் இடிபடும் நிலை வந்தபோதும் பெண்களே முன்னின்று அதைக் காப்பாற்றி, நகரின் வரலாற்றுப் பூங்காவுக்கு மாற்றச் செய்தார்கள். ஒரு பள்ளி ஆளில்லாமல் மூடியது. ஒரு பள்ளி ஆள் பெருகியதால் இடம் மாறியது. நகரத்துக்குத் தொடர்ந்து புதியவர்கள் வந்தார்கள் என்பது வேறுபாட்டில் ஒரு பாதி. தாய்மார்கள் அந்தப் பள்ளியைத் தங்கள் வீட்டைப்போல் கருதினார்கள் என்பது மறு பாதி.

நமக்கு என்ன?

இத்தனை தூரம் வந்துவிட்டோம். இனி நம் வாசலுக்குத் திரும்புவோம். சமவெளியின் கதையில் நமக்கு மூன்று அமானத்துகள் நினைவூட்டப்படுகின்றன.

முதலாவது தண்ணீர். புழுதிக் காலம் முடிந்தபின் அந்தச் சமவெளி மீண்டும் பச்சையானது. எப்படி? தெற்கு டகோட்டா முதல் டெக்ஸாஸ் வரை எட்டு மாநிலங்களின் அடியில் ஒகலாலா என்னும் மிகப்பெரிய நிலத்தடி நீர்த்தேக்கம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மோட்டார் பம்பு வைத்து அதை இறைக்கத் தொடங்கினார்கள். அந்நாட்டில் பாசனத்துக்கு இறைக்கப்படும் நிலத்தடி நீரில் ஏறத்தாழ முப்பது சதவீதம் அதிலிருந்தே வருகிறது. ஆனால் கான்சாஸ், டெக்ஸாஸ் மாநிலங்களின் சில பகுதிகளில் நீர்மட்டம் நூறு அடிக்கும் மேல் இறங்கிவிட்டது. மழை நீர் அங்கே திரும்பச் சேர மிக நீண்ட காலம் பிடிக்கும். சில கிணறுகள் ஏற்கனவே வற்றிவிட்டன. நாம் அடிக்கடி ஓதும் தபாரக்கல்லதீ ஸூராவின் கடைசி வசனத்தில், தண்ணீர் பூமிக்குள் வற்றிப்போனால் ஓடும் நீரை உங்களுக்குக் கொண்டுவருபவன் யார் என்ற கருத்தில் அல்லாஹ் கேட்கிறான். இரவுதோறும் அதை ஓதுகிறோம். காலையில் எழுந்து குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு ஒளுச் செய்கிறோம்! ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்தாலும் வீண்விரயம் கூடாது என்று ஸஅத் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். ஓதுவது வாயில் நின்றுவிட்டால் போதுமா? குழாயைத் திருகும் கைக்கும் அது வந்து சேர வேண்டாமா?

இரண்டாவது மண். நிலம் வைத்திருப்பவர்கள் அதன் விளைச்சலில் அல்லாஹ் விதித்த ஹக்கை அறுவடை நாளிலேயே கொடுத்துவிட வேண்டும். மழை நீரில் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சியதற்கு இருபதில் ஒன்று. ஏழைகளுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்று பேசிக்கொண்டு விடியற்காலையில் அறுவடைக்குப் போன தோட்டக்காரர்கள், எல்லாம் கருகிக் கிடக்கக் கண்ட வரலாற்றை ஸூரத்துல் கலமில் படிக்கிறோம். அவர்கள் தம் தவற்றை ஒப்புக்கொண்டு, தம் இறைவனிடம் மீண்டார்கள். நிலத்துக்கும் ஒரு ஹக்கு உண்டு. அதன் சத்தையெல்லாம் நம் காலத்திலேயே உறிஞ்சிவிட்டுப் பிள்ளைகளுக்குச் சக்கையை விட்டுச் செல்வது நியாயமாகுமா? நிலமில்லாதவர்கள் ஒரு மரமாவது நடலாம். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து பறவையோ மனிதனோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்பது நபிமொழி. கியாமத் வந்துவிட்டது என்று தெரிந்தாலும் கையிலுள்ள கன்றை நட்டுவிடச் சொன்ன மார்க்கம் இது.

மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரியது, நம் பிள்ளைகள். பிழைப்புக்காகப் பயணம் போவது குற்றமன்று. ராஸ் ஊருக்கு வந்த அந்த முன்னோர்களும் பிழைப்புத் தேடி வந்தவர்கள்தாம். நம் வீடுகளிலும் வளைகுடாவிலோ மலேசியாவிலோ பட்டணத்திலோ பிள்ளைகள் இல்லாத வீடு அபூர்வம். ஊரில் பெரிய வீடு இருக்கிறது, பூட்டிக் கிடக்கிறது. பெரிய பள்ளிவாசலைப் பளிங்குக் கல்லில் கட்டிவிட்டோம். சுப்ஹுக்கு எத்தனை ஸஃப்பு நிற்கிறது? அந்த ஷாம் தேசத்து விவசாயிகளின் பள்ளியில் பளிங்கு இல்லை, ஆனால் முப்பது டிகிரிக் குளிரில் வந்து நின்றவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்க ஆளில்லாமல் போயிற்று. நமக்கோ ஒவ்வொரு மஹல்லாவிலும் மக்தப் இருக்கிறது, லெப்பை இருக்கிறார், கிதாபுகள் இருக்கின்றன. அவர்கள் இல்லாமையால் இழந்தார்கள். நாம் இருந்தும் இழந்தால் அல்லாஹ்விடம் என்ன சாக்குச் சொல்வோம்?

தாய்மார்களே! இது பெரும்பாலும் உங்கள் கையில் இருக்கிறது. மகன் எந்த நாட்டில் வேலை பார்த்தாலும், தொலைபேசியில் பேசும்போது சம்பளத்தைக் கேட்பதற்கு முன் தொழுகையைக் கேளுங்கள். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் பாட்டனாரின் கபுறுக்கு அழைத்துச் சென்று ஸலாம் சொல்லக் கற்றுக்கொடுங்கள். கான்சாஸ் மாநிலத்தில் நிக்கோடீமஸ் என்றோர் ஊர் உண்டு. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1877இல் நிறுவிய ஊர் அது. 1888இல் ரயில் பாதை விலகிப் போனதால் நலிந்தது. இன்று விரல்விட்டு எண்ணும் அளவுக்கே மக்கள் அங்கே இருக்கிறார்கள். ஆயினும் ஆண்டுக்கொருமுறை அந்த ஊரின் வாரிசுகள் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்து கூடுகிறார்கள். தங்கள் முன்னோர் எதற்காக அங்கே வந்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். மக்கள் போய்விட்ட ஊரும் நினைவு இருக்கும் வரை முற்றிலும் சாவதில்லை. பெருநாளைக்கு மட்டும் வந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போவதோடு நம் உறவு நின்றுவிடக் கூடாது.

எத்தனையோ தோட்டங்களையும் ஊற்றுகளையும் விளைநிலங்களையும் விட்டுச் சென்றவர்களைப் பற்றி ஸூரத்துத் துகானில் அல்லாஹ் எடுத்துரைக்கிறான். நாமும் ஒருநாள் எல்லாவற்றையும் விட்டுச் செல்பவர்களே. நம் வீடு பூட்டப்படும். நம் கிணற்றில் வேறொருவர் இறைப்பார், அல்லது எவரும் இறைக்க மாட்டார். அப்போது நம்மோடு வருவது எது? நாம் தொழுத தொழுகையும், நாம் ஓதிக் கொடுத்த பிள்ளை நமக்காகக் கேட்கும் துஆவும்தான்.

யா அல்லாஹ்! எங்கள் கிணறுகளை வற்றச் செய்யாதே. எங்கள் நிலங்களில் பரக்கத்தைத் தந்தருள். ஒருவர் உரிமையை ஒருவர் பறிக்காமல் எங்களைக் காத்தருள். எங்கள் பள்ளிவாசல்களை ஸுஜூது செய்பவர்களால் நிரப்புவாயாக. உலகின் எந்த மூலையில், எந்தப் புல்வெளியில் தனித்து அடங்கியிருந்தாலும், உன்னை வணங்கிய எங்கள் முன்னோர் அனைவரையும் மன்னிப்பாயாக. எங்கள் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் தொழுகையை நிலைநாட்டுபவர்களாக ஆக்குவாயாக. ஆமீன்! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!